கடைசி நிமிடக் கையெழுத்து: லெனார்ட் பெல்டியருக்காக அரை நூற்றாண்டு நடந்த போராட்டம்

ஊர்வலம் போகிறவர்களை மறித்து நிறுத்துவதுதான் போலீஸின் வேலை. 2000 டிசம்பர் 15 அன்று வாஷிங்டனில் போலீஸே ஊர்வலம் போனது. பணியில் இருப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களுமாக எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சுமார் 500 பேர் வெள்ளை மாளிகைக்கு முன்னால் திரண்டார்கள். ஊதிய உயர்வோ பதவி உயர்வோ அவர்கள் கேட்கவில்லை. ஒரே ஒரு கைதியை வெளியே விட்டுவிடாதீர்கள் என்று அதிபர் பில் கிளிண்டனிடம் கேட்டார்கள்.

அந்தக் கைதியின் பெயர் லெனார்ட் பெல்டியர். வடக்கு டகோட்டாவின் டர்டில் மவுன்டன் சிப்பெவா பழங்குடியைச் சேர்ந்தவர். அப்போது வயது 56. இரண்டு எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் கொல்லப்பட்ட வழக்கில், கான்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் சிறையில் இரட்டை ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார். அதிகாரிகளை வீதிக்கு இழுத்தது ஒரு தொலைபேசிப் பேச்சு. தேர்தல் நாளன்று வாக்களிக்கச் சொல்லி ஒரு வானொலி நிலையத்தை அழைத்த கிளிண்டனை, பத்திரிகையாளர் ஏமி குட்மன் கேள்விகளால் மடக்கினார். பெல்டியர் என்ன ஆனார் என்றும் கேட்டார். மனுவைப் பார்ப்பதாக கிளிண்டன் சொல்லிவிட்டார். அது போதுமானதாக இருந்தது.

2001 ஜனவரி 20. பதவியை விட்டு இறங்கும் நாளில் கிளிண்டன் வெளியிட்ட மன்னிப்புப் பட்டியலில் வரி ஏய்ப்பு வழக்குக்குத் தப்பி சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கோடீஸ்வரர் மார்க் ரிச்சின் பெயர் இருந்தது. பெல்டியரின் பெயர் இல்லை. பெல்டியருக்காக வாதாடிவந்த ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன், கிளிண்டன் குடும்பத்துடனான நட்பையே அதோடு முறித்துக்கொண்டார்.

சரியாக 24 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று, டொனால்ட் டிரம்ப் பதவியேற்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, கிளிண்டன் போடாத அந்தக் கையெழுத்தை ஜோ பைடன் போட்டார். பெல்டியருக்கு வயது 80. இந்தக் கையெழுத்து எதற்காக இவ்வளவு காலம் பிடித்தது என்பதைவிட, கடைசியில் எதைச் சொல்லி வாங்கப்பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய கதை.

1975 ஜூன் 26

தெற்கு டகோட்டாவில் இருக்கிறது பைன் ரிட்ஜ். ஓக்லாலா லக்கோட்டா மக்களின் ஒதுக்கு நிலம். அமெரிக்காவின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. 1890-ல் அமெரிக்கப் படைகள் லக்கோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் சுட்டுக்கொன்ற வூண்டட் நீ இங்கேதான் உள்ளது. 1973-ல் அதே வூண்டட் நீயை ‘அமெரிக்க இந்தியர் இயக்கம்’ கைப்பற்றி 71 நாட்கள் வைத்திருந்தது. 1968-ல் மினியாபொலிஸ் நகரத்துத் தெருக்களில், போலீஸ் அடாவடியை எதிர்த்து டென்னிஸ் பேங்க்ஸ், கிளைட் பெல்கோர்ட் போன்றவர்கள் தொடங்கிய இயக்கம் அது.

முற்றுகை முடிந்தது, ரத்தம் நிற்கவில்லை. பழங்குடிக் கவுன்சிலின் தலைவர் டிக் வில்சன் தனக்கென ஓர் ஆயுதப் படையை வைத்திருந்தார். அடுத்த மூன்று ஆண்டுகளில் இயக்கத்தினரும் ஆதரவாளர்களுமாக 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்பது இயக்கத்தின் கணக்கு. அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல எஃப்.பி.ஐ. 2000-ம் ஆண்டில் தனி அறிக்கையே வெளியிட்டு, 57 மரணங்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் தந்தது. விளக்கங்களை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்கட்டும். கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு காவல் அமைப்பு இருந்தது என்பதே பைன் ரிட்ஜ் எப்படி இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

அந்தப் பயத்தில் வாழ்ந்த முதியவர்கள் இயக்கத்திடம் பாதுகாப்பு கேட்டார்கள். அப்படி வந்து ஜம்பிங் புல் குடும்பத்தின் நிலத்தில் முகாமிட்டவர்களில் பெல்டியரும் ஒருவர். ஜூன் 26 காலையில் எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் ஜாக் கோலர், ரொனால்ட் வில்லியம்ஸ் இருவரும் தனித்தனி கார்களில், ஒரு வண்டியைத் தொடர்ந்து அந்த நிலத்துக்குள் வந்தார்கள். அவர்கள் தேடிவந்தது ஓர் இளைஞனை; அவன் மேல் இருந்த புகார், ஒரு ஜோடி கவ்பாய் பூட்ஸ் திருட்டோடு சம்பந்தப்பட்டது.

துப்பாக்கிச் சண்டை மூண்டது. முதலில் சுட்டது யார் என்பதில் இன்றுவரை ஒப்புதல் இல்லை. முடிவில் மூன்று பேர் இறந்துகிடந்தார்கள். கோலருக்கு 28 வயது, வில்லியம்ஸுக்கு 27. காயம்பட்டு விழுந்த இருவரையும் யாரோ மிக அருகில் வந்து சுட்டுக் கொன்றிருந்தார்கள். மூன்றாமவர் ஜோ ஸ்டன்ட்ஸ், 23 வயதுப் பூர்வகுடி இளைஞர். முதல் இரண்டு சாவுகளுக்காக நான்கு பேர் மீது வழக்கு வந்தது. ஸ்டன்ட்ஸின் சாவுக்கு எவர்மீதும் வழக்கு இல்லை.

இரண்டு ஊர், இரண்டு தீர்ப்பு

நான்கு பேரில் ஒருவர் மீதான வழக்கை அரசே கைவிட்டது. டினோ பட்லர், பாப் ரோபிடோ இருவரும் 1976 கோடையில் அயோவா மாநிலத்தின் சீடர் ரேபிட்ஸ் நகரில் கூண்டேறினார்கள். பைன் ரிட்ஜில் நிலவிய வன்முறை பற்றிய சாட்சியங்களை அங்கே நீதிபதி அனுமதித்தார். எஃப்.பி.ஐ. இயக்குநர் கிளாரன்ஸ் கெல்லியே வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. முழுக்க வெள்ளையர்களான ஜூரிகள், தற்காப்புக்காகச் சுட்டார்கள் என்ற வாதத்தை ஏற்று இருவரையும் விடுவித்தார்கள்.

பெல்டியர் அந்தக் கூண்டில் இல்லை. கனடாவுக்குத் தப்பியிருந்தார். 1976 பிப்ரவரி 6 அன்று ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிடிபட்டு, நாடு கடத்தலை எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் விடுதலையானதும் அரசின் முழுக் கவனமும் மிச்சமிருந்த ஒருவர்மீது திரும்பியது.

கனடாவிலிருந்து அவரைக் கொண்டுவர அமெரிக்கா காட்டிய முக்கிய ஆதாரம், மர்ட்டில் பூர் பேர் என்ற பெண் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரங்கள். தான் பெல்டியரின் காதலி என்றும், அவர் சுட்டதைக் கண்ணால் பார்த்ததாகவும் அவற்றில் இருந்தது. பிறகு அத்தனையையும் மறுத்தார் அந்தப் பெண். பெல்டியரைத் தனக்குத் தெரியவே தெரியாது, எஃப்.பி.ஐ. மிரட்டியதால் கையெழுத்துப் போட்டேன் என்றார். கனடாவின் முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல் வாரன் ஆல்மண்ட், தன் நாடு ஏமாற்றப்பட்டது என்று சொல்லிக் கடைசிவரை பெல்டியருக்காகக் குரல் கொடுத்தார்.

1977-ல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் நடந்த விசாரணையில் நீதிபதி வேறு, விதிகளும் வேறு. சீடர் ரேபிட்ஸில் ஜூரிகள் கேட்ட பின்னணிக் கதையில் பெரும்பகுதி ஃபார்கோ ஜூரிகளின் காதுக்குப் போகவில்லை. ஏஜென்டுகள் வயர்லெஸ்ஸில் சொன்ன ‘பிக்கப்’ வண்டி, நீதிமன்றத்தில் பெல்டியர் ஓட்டிய சிவப்பு வெள்ளை வேனாக மாறியது. கோலரின் கார் டிக்கியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தோட்டா உறையும், அதைச் சுட்டதாகச் சொல்லப்பட்ட ஓர் ஏ.ஆர்.-15 துப்பாக்கியும்தான் அரசுத் தரப்பின் அச்சாணி. இரண்டு ஆயுள் தண்டனைகள், ஒன்றன்பின் ஒன்றாக.

சில ஆண்டுகள் கழித்து, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட ஆவணக் குவியலில் ஒரு டெலிடைப் செய்தி அகப்பட்டது. 1975 அக்டோபர் 2 தேதியிட்டது. அந்தத் துப்பாக்கியின் ஃபயரிங் பின், சம்பவ இடத்தில் சுட்ட துப்பாக்கியினுடையதிலிருந்து வேறுபட்டது என்று எஃப்.பி.ஐ. ஆய்வகமே எழுதியிருந்தது. விசாரணையின்போது பெல்டியரின் வழக்கறிஞர்கள் கையில் இது இல்லை. அது வேறு உறைகளைப் பற்றிய குறிப்பு என்று அரசு பதில் சொன்னது. 1986-ல் எட்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. இந்தத் தாள் கிடைத்திருந்தால் ஜூரிகள் விடுவித்திருக்க ‘வாய்ப்பு’ உண்டு, ஆனால் மறுவிசாரணைக்குத் தேவையான அளவுக்கு அந்த வாய்ப்பு வலுவானதல்ல என்று மனுவைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜெரால்ட் ஹீனி. அதே ஹீனி 1991-ல் செனட்டர் டேனியல் இனோயேவுக்குக் கடிதம் எழுதி, துப்பாக்கிச் சண்டைக்கான பொறுப்பில் அரசுக்கும் பங்குண்டு, பெல்டியருக்குக் கருணை காட்டலாம் என்றார். சட்டம் கட்டிப்போட்ட கையை மனசாட்சி அவிழ்த்துக்கொண்டது போலும்.

அரசுத் தரப்பும் தன் கதையை மாற்றிக்கொண்டது. ஃபார்கோவில் பெல்டியர்தான் அருகில் நின்று சுட்டார் என்றது. மேல்முறையீட்டில், யார் சுட்டது என்று நிரூபிக்க முடியாது என்று அரசு வழக்கறிஞர் லின் க்ரூக்ஸ் நீதிபதிகளிடமே ஒப்புக்கொண்டார். கொலைக்கு உடந்தை என்ற அளவில் தண்டனை நிற்கும் என்பது புதிய வாதம். உடந்தை என்றால் யாருக்கு உடந்தை? அயோவாவில் விடுதலையான இருவருக்கா? பெல்டியர் தரப்பு இதைத்தான் நாற்பது ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதனால் பெல்டியர் அப்பழுக்கற்றவர் என்று ஆகிவிடாது. தூரத்திலிருந்து தானும் சுட்டதை அவர் மறுத்ததில்லை. அருகில் போய்க் கொல்லவில்லை என்பதே அவர் வாதம். 1975 நவம்பரில், நடிகர் மார்லன் பிராண்டோ இயக்கத்துக்குக் கொடுத்திருந்த மோட்டார் ஹோம் ஒன்று ஓரிகன் மாநிலத்தில் சோதனையிடப்பட்டபோது கோலரின் கைத்துப்பாக்கி ஒரு பைக்குள் கிடந்தது. பையில் பெல்டியரின் கட்டைவிரல் ரேகை இருந்தது. 1979-ல் கலிஃபோர்னியாவின் லாம்பாக் சிறையிலிருந்து தப்பிப் பிடிபட்டதற்குத் தனியாக ஏழு ஆண்டுகள் விழுந்தன. உண்மையான கொலையாளி ‘மிஸ்டர் எக்ஸ்’ என்று ஆதரவாளர்கள் சிலர் பரப்பிய கதையை, உடன் இருந்த டினோ பட்லரே பின்னாளில் பொய் என்றார். இயக்கத்துக்குள்ளேயே உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டு, 1976 பிப்ரவரியில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்ட மிக்மாக் பெண் அன்னா மே அக்வாஷின் கொலை வழக்கில், ஏஜென்டைச் சுட்டதைப் பற்றி பெல்டியர் தன் முன்னால் பெருமையடித்துக்கொண்டதாக 2004-ல் ஒரு பெண் சாட்சி சொன்னார். அவர் எஃப்.பி.ஐ.யிடம் பணம் பெற்றவர் என்று பெல்டியர் தரப்பு பதில் தந்தது. ‘குற்றமற்றவரை விடுதலை செய்’ என்று மட்டும் எழுதிய பதாகைகள் எல்லாம் இந்த இடத்தில் தடுமாறின. ‘நேர்மையான விசாரணை நடக்கவில்லை’ என்று எழுதியவை தடுமாறவில்லை.

மரச்சிலையின் பாதங்கள்

பெல்டியருக்காகக் கேட்டவர்களின் வரிசை மலைக்க வைக்கும்: நெல்சன் மண்டேலா, அன்னை தெரசா, டெஸ்மண்ட் டூட்டு, தலாய் லாமா, போப் பிரான்சிஸ். அம்னெஸ்டி இன்டர்நேஷனல் பல பத்தாண்டுகள் விடாமல் எழுதியது. ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் யூனியனும் இந்தப் பெயரைத் தூக்கிப் பிடித்தது. அது பெல்டியருக்கு உதவியதைவிட வாஷிங்டனின் பிடிவாதத்துக்குத்தான் உதவியிருக்கும்.

புத்தகமும் சினிமாவும் பாட்டும் வந்தன. பீட்டர் மத்தீசன் எழுதிய ‘இன் த ஸ்பிரிட் ஆஃப் க்ரேஸி ஹார்ஸ்’ 1983-ல் வெளியானதும், தெற்கு டகோட்டா ஆளுநர் வில்லியம் ஜாங்க்லோவும் எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஒருவரும் அவதூறு வழக்குப் போட்டார்கள். இரண்டும் தோற்றன; ஆனால், புத்தகம் மறுபடி கடைக்கு வர 1991 ஆனது. அதற்கு அடுத்த ஆண்டு ராபர்ட் ரெட்ஃபோர்டின் பின்னணிக் குரலில் ‘இன்சிடென்ட் அட் ஓக்லாலா’ ஆவணப்படம் வந்தது. ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்’ குழு தன் பாடல் வீடியோவில் இந்த வழக்கைச் சொன்னதால், பைன் ரிட்ஜ் எங்கே இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைகளுக்கும் பெல்டியர் பெயர் தெரிந்தது.

சிறைக்குள் பெல்டியர் ஓவியர் ஆனார். பூர்வகுடி முகங்களை வரைந்தார். அவை விற்ற பணம் வழக்குக்குப் போனது. எதிர்த்தரப்பு அந்த ஓவியங்களையும் விடவில்லை. 2015-ல் வாஷிங்டன் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் மாட்டியிருந்த அவர் ஓவியங்கள், முன்னாள் ஏஜென்டுகள் எதிர்த்ததும் கழற்றப்பட்டன. அடுத்து சிலை. ரீகோ 23 என்ற கலைஞர், பெல்டியரின் சுய உருவப்படத்தைப் பார்த்து ஒன்பது அடி உயர மரச்சிலை செய்து, தலைநகரின் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் நிறுத்தினார். பீடம் சிறை அறையின் அளவில். 2017 தொடக்கத்தில், ஏஜென்டுகள் சங்கத்தின் கடிதத்துக்குப் பிறகு பல்கலைக்கழகம் சிலையை அகற்றியது. கொல்லப்பட்ட இருவரின் சக ஊழியர்களுக்கு அந்தச் சிலை எப்படித் தெரிந்திருக்கும் என்பது புரியாததல்ல.

ஆனால், சிலையின் பாதங்கள் அதற்கு முன்பே ஒரு சுற்று போய்வந்திருந்தன. உடலை இணைப்பதற்கு முன்னால் மரப்பாதங்களை மட்டும் வண்டியில் ஏற்றி, ஸ்டாண்டிங் ராக், வூண்டட் நீ, அல்காட்ராஸ் தீவு என்று பூர்வகுடிப் போராட்டங்களோடு தொடர்புள்ள இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். போன இடமெல்லாம் மக்கள் அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்து இயக்கம் என்பதை இதைவிடப் புத்திசாலித்தனமாக யாரும் நடத்தியதாகத் தெரியவில்லை.

கதவு எங்கே இருந்தது

இவ்வளவுக்குப் பிறகும் கதவு ஏன் திறக்கவில்லை? அமெரிக்காவில் அதிபருக்குப் போகும் கருணை மனு, வழக்கமாக முதலில் நீதித்துறை அமைச்சகத்தின் மன்னிப்புப் பிரிவு வழியாகப் போகும். வழக்கு நடத்தியது அந்த அமைச்சகம். எஃப்.பி.ஐ. அதன் கீழ் இருக்கும் அமைப்பு. பரோல் கேட்டால், அங்கேயும் எதிர்ப்புக் கடிதம் எஃப்.பி.ஐ.யிடமிருந்து வரும். பரோல் 1993-ல் மறுக்கப்பட்டது, 2009-ல் மறுக்கப்பட்டது, 2024 ஜூலையில் மறுபடியும் மறுக்கப்பட்டது. அடுத்த முழு விசாரணை 2039 ஜூனில் என்றார்கள். அப்போது பெல்டியருக்கு 94 வயது. மரண தண்டனை என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பராக் ஒபாமா 2017 ஜனவரி 18 அன்று மனுவை நிராகரித்தார். ராணுவ ரகசியங்களைக் கசியவிட்ட செல்சி மேனிங்கின் தண்டனையைக் குறைத்ததற்கு மறுநாள். அந்த முறை மனுவோடு ஓர் அசாதாரணமான கடிதம் போயிருந்தது. மேல்முறையீட்டுக் காலத்தில் பெல்டியர் வழக்கைக் கவனித்த அலுவலகத்தின் தலைவராக இருந்த முன்னாள் அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் எழுதியது. 2021-ல் பைடனுக்கும் எழுதினார்: பெல்டியர் தனிப்பட்ட முறையில் எந்தக் குற்றமும் செய்ததாகத் தங்களால் நிரூபிக்க முடியவில்லை, அவரைச் சிறையில் வைத்திருப்பது நியாயமல்ல என்று. எத்தனை ஹாலிவுட் கையெழுத்துகளும் இந்த ஒரு கடிதத்துக்கு ஈடாகாது. முன்னாள் ஃபெடரல் நீதிபதி கெவின் ஷார்ப் பதவியை விட்ட பிறகு பெல்டியரின் வழக்கறிஞராகவே வந்தார். 2022-ல் ஐ.நா.வின் தன்னிச்சையான சிறைவைப்புக்கான பணிக்குழு, இது தன்னிச்சையான சிறைவைப்புதான் என்று சொன்னது. அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு விடுதலை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

இதற்குள் போராட்டத்தின் முகமும் மாறியிருந்தது. நட்சத்திரங்கள் பின்னால் போய், பூர்வகுடி அமைப்புகள் முன்னால் வந்தன. 2022 செப்டம்பரில் ‘அமெரிக்க இந்தியர் இயக்க’த்தினர் மினியாபொலிஸிலிருந்து வாஷிங்டனுக்கு நடக்கத் தொடங்கினார்கள், போய்ச் சேர நவம்பர் ஆனது. பைன் ரிட்ஜைச் சேர்ந்த நிக் டில்சன் தலைமையிலான என்.டி.என். கலெக்டிவ், 2023 செப்டம்பர் 12 அன்று, பெல்டியரின் 79-வது பிறந்த நாளில், வெள்ளை மாளிகை முன் மறியல் செய்தது. 35 பேர் கைதானார்கள். பைடன் அமைச்சரவையில் உள்துறையை வைத்திருந்தவர் லகூனா புவெப்லோ பழங்குடியைச் சேர்ந்த டெப் ஹாலண்ட். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காலத்திலேயே பெல்டியருக்காகக் கேட்டவர்.

ஹாலண்ட் எடுத்துக்கொண்ட பெரிய வேலை, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகள் பற்றிய விசாரணை. மொழி பேசினால் அடி, முடியை வெட்டுவது, பெயரை மாற்றுவது என்று தலைமுறைகளை உடைத்த பள்ளிகள் அவை. 2024 அக்டோபர் 25 அன்று அரிசோனாவின் கிலா ரிவர் பழங்குடி நிலத்தில் பைடன் அதற்காக மன்னிப்புக் கேட்டார். பெல்டியர் அப்படியொரு பள்ளியின் பிள்ளை. ஒன்பது வயதில் பாட்டியிடமிருந்து பிரிக்கப்பட்டு, வாப்டன் என்ற ஊரின் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டவர். மன்னிப்புக் கேட்ட அரசு, அந்தப் பள்ளியில் வதைபட்ட ஒருவரைச் சிறையிலேயே சாக விடப் போகிறதா என்று டில்சன் தரப்பு கேட்டது. தோட்டா உறையைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்த பிறகு, இந்தக் கேள்வி அதிபரின் சொந்த வாயிலிருந்து வந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டது. பெல்டியர் போராட்டத்தின் மிகக் கூர்மையான நகர்வு இதுதான் என்பேன்.

எதிர்த்தரப்பு கடைசி வாரம்வரை ஓயவில்லை. எஃப்.பி.ஐ. இயக்குநர் கிறிஸ்டோபர் ரே, பெல்டியரைச் செய்ததற்கு வருந்தாத கொலைகாரர் என்று வர்ணித்து ஜனவரியில் பைடனுக்குக் கடிதம் எழுதினார். கொல்லப்பட்ட ஏஜென்டுகளின் குடும்பத்தினருக்கும் நீதி என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது: பெல்டியர் வெளியே வரக் கூடாது.

பைடன் அதையும் மீறிக் கையெழுத்திட்டார். ஆனால், எதற்காக என்பதை வெள்ளை மாளிகை அறிக்கையில் படிக்க வேண்டும். பெல்டியருக்கு 80 வயது, கடுமையான உடல்நலக் குறைவு, வாழ்நாளில் பெரும்பகுதி சிறையில் கழிந்துவிட்டது, பழங்குடி நாடுகளும் நோபல் பரிசு பெற்றவர்களும் முன்னாள் அரசு வழக்கறிஞரும் கேட்கிறார்கள். இவ்வளவுதான். மர்ட்டில் பூர் பேரின் பிரமாணப் பத்திரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறைக்கப்பட்ட ஆய்வக அறிக்கை பற்றி இல்லை. கொடுத்தது மன்னிப்பும் அல்ல, தண்டனைக் குறைப்பு. மிச்சத் தண்டனையை வீட்டுக்காவலில் கழிக்கலாம். ஃபார்கோ தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

2025 பிப்ரவரி 18 அன்று ஃப்ளோரிடாவின் கோல்மன் சிறையிலிருந்து பெல்டியர் வெளியே வந்தார். நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, வயிற்று ரத்தக்குழாயில் வீக்கம், ஒரு கண்ணில் பார்வைக் குறைவு. கனடாவில் பிடிபட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் 49 ஆண்டுகளும் 12 நாட்களும். விமானத்தில் வடக்கு டகோட்டாவுக்குக் கொண்டுபோனார்கள். பெல்கோர்ட் ஊரின் சாலையோரம் குளிரில் நின்ற மக்கள் பதாகைகளோடு வரவேற்றார்கள். மறுநாள் பழங்குடியினரே நடத்தும் ஸ்கை டான்ஸர் கேசினோவின் அரங்கில் விருந்து; நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். தான் குற்றம் செய்யவில்லை என்று அங்கேயும் சொன்னார் பெல்டியர். அவருக்கான வீட்டை என்.டி.என். கலெக்டிவ் ஏற்பாடு செய்திருந்தது.

வெளியூர் போக வேண்டுமென்றால், வீட்டுக்காவல் விதிப்படி, ஃபெடரல் சிறைத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். தீர்ப்பைத் துடைக்கும் முழு மன்னிப்பு வேண்டுமென்றால் இன்னொரு மனு போட வேண்டும். வழக்கமான பாதையில் அது போய்ச் சேரும் இடம், நீதித்துறை அமைச்சகத்தின் அதே மன்னிப்புப் பிரிவு.